பழைய டில்லருக்குப் புது உயிர்

ஒரு வீட்டின் பின்புறம். அங்கே ஒரு புங்க மரம். மரத்தடியில் பழைய பவர் டில்லர் ஒன்று நிற்கிறது. டயர்களில் காற்று இல்லை. பெல்ட்டை எலி கடித்திருக்கிறது. புகைக்குழாயில் குளவி கூடு கட்டியிருக்கிறது. கோழி அதன் அடியில் முட்டையிடுகிறது.

பழைய இரும்பு வாங்குபவர் வருகிறார். "எதற்கு வைத்திருக்கிறீர்கள்? கிலோ கணக்கில் போட்டுவிடுங்கள்" என்கிறார்.

போட்டுவிடலாமா? அல்லது மறுபடி ஓட வைக்கலாமா?

ஓட வைக்கலாம். எல்லா இயந்திரத்தையும் அல்ல. ஆனால் பலவற்றை ஓட வைக்கலாம். அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. பொறுமை வேண்டும். ஒழுங்கு வேண்டும். படிக்கவும் எழுதவும் தெரிந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

தங்கவயலும் இயந்திரமும்

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில் இருக்கிறது கோலார் தங்கவயல். அங்குள்ள தமிழர்களுக்கு இயந்திரம் புதிது அல்ல. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்தார்கள். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது. ஆட்களை இறக்கும் கூண்டும், தண்ணீர் இறைக்கும் பம்பும், காற்று அனுப்பும் இயந்திரமும் ஒரு நாளும் நிற்கக் கூடாது. நின்றால் உயிர் போகும். அதனால் பழுது பார்க்கும் வேலை இங்கே பெரிய கலையாக வளர்ந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு பலர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். சுற்றுக் கிராமங்களிலோ ராகியும் தக்காளியும் மல்பெரியும் விளைகின்றன. கையளவு நிலம் வைத்திருப்பவருக்கு ஓடும் டில்லர் ஒன்று பெரிய துணை.

டில்லர் எங்கிருந்து வந்தது?

பவர் டில்லர் என்பது பின்னால் நடந்து ஓட்டும் சிறிய உழவு இயந்திரம். அதற்கு இரண்டு சக்கரம். இரண்டு நீண்ட கைப்பிடி. முன்னால் ஒரு டீசல் எஞ்சின். பின்னால் சுழலும் கத்திகள். சுழலும் கத்திகள்தான் மண்ணைக் கிளறுகின்றன.

இந்தச் சுழல் கத்தி யோசனைக்கு நூறு வயது கடந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் 1912ஆம் ஆண்டு அதைச் சோதித்துப் பார்த்தார். தன் தந்தையின் பண்ணையில் இருந்த நீராவி எஞ்சினைக் கொண்டு மண்ணைக் கிளறினார். மண் இறுகாமல் பொலபொலவென்று வந்தது. பின்னர் ஜப்பானின் சிறு விவசாயிகளிடம் இத்தகைய சிறிய இயந்திரங்கள் பரவின. சிறிய வயலுக்கு அவை பொருத்தமாக இருந்தன.

1967ஆம் ஆண்டு பெங்களூரில் வி.எஸ்.டி. டில்லர்ஸ் நிறுவனம் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கம்பெனியோடு சேர்ந்து அது டில்லர்களைச் செய்தது. கோலார் மாவட்டத்து மாலூரிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. கேரளத்தில் 1973ஆம் ஆண்டு காம்கோ என்ற அரசு நிறுவனம் தோன்றியது. அது குபோட்டா டில்லர்களைச் செய்தது. மரத்தடியில் நிற்கும் பழைய இயந்திரங்களில் இந்தப் பெயர்களை அடிக்கடி பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

டில்லர் ஒரு தடவை போனால் சுமார் 60 சென்டிமீட்டர் அகலம் உழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஓர் ஏக்கரை ஒரு முறை உழ, சுமார் 7 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இது உழைப்புதான். ஆனால் மண்வெட்டியால் கொத்துவதை ஒப்பிட்டால் மிகக் குறைவு. மல்பெரி வரிசைகளுக்கு இடையே பெரிய டிராக்டர் நுழையாது. டில்லர் நுழையும்.

வாங்கும் முன், பிரிக்கும் முன்

முதலில் நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று: எஞ்சினின் பெரிய சக்கரம், அதாவது பிளைவீல், கையால் சுற்றுகிறதா? சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் உள்ளே துரு பிடித்து இறுகியிருக்கலாம்.

இரண்டு: வார்ப்பு இரும்பில் விரிசல் உண்டா? எஞ்சினின் உடலிலும் கியர் பெட்டியிலும் நன்றாகத் தேட வேண்டும். வெல்டிங் வைத்த தழும்பு இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

மூன்று: பாகங்கள் எல்லாம் இருக்கின்றனவா? ஒரு பம்போ கியரோ காணாமல் போயிருந்தால் செலவு கூடும்.

நான்கு: விற்பவர் உண்மையில் சொந்தக்காரர்தானா? இயந்திரத்தின் மேல் வங்கிக் கடன் பாக்கி உண்டா? விற்பனை ரசீதில் எஞ்சின் எண்ணை எழுதி வாங்க வேண்டும். படித்துப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

முதல் கருவி: நோட்டுப் புத்தகம்

புதிதாகப் பழகுபவர்கள் வந்தவுடன் ஸ்பேனரைத் தேடுவார்கள். அது தவறு. முதலில் எடுக்க வேண்டியது நோட்டும் பேனாவும்.

எஞ்சின் மேல் ஒரு சிறிய தகடு இருக்கும். அழுக்கு மூடியிருக்கும். துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். மாடல் பெயர், எஞ்சின் எண், குதிரைத் திறன் ஆகியவை அதில் இருக்கும். அவற்றை அப்படியே நோட்டில் எழுத வேண்டும்.

ஏன்? தங்கவயலில் தமிழ் பேசுவார்கள். தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசுவார்கள். ஒரே பாகத்துக்குக் கடைக்குக் கடை ஒரு பெயர் இருக்கும். ஆனால் எண் எல்லாருக்கும் ஒன்றுதான். "பெரிய வாஷர் கொடுங்கள்" என்று கேட்டால் தவறான வாஷர் வரலாம். மாடலையும் பாக எண்ணையும் எழுதிக் கொண்டு போனால் சரியான வாஷர் வரும். ஒரு பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சம்.

கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் எழுத வேண்டும். எந்தப் பக்கம் இருந்தது? எத்தனை வாஷர்? எது மேலே, எது கீழே? செல்போன் இருந்தால் கழற்றும் முன் படம் எடுக்கலாம். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து மாட்டும்போது மனசு மறந்திருக்கும். நோட்டு மறக்காது.

கழுவினால் உண்மை தெரியும்

பல வருட மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல் மாதிரி ஒட்டியிருக்கும். மரக் குச்சியால் சுரண்ட வேண்டும். பிறகு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். காற்று போகும் வழி, டீசல் டாங்கியின் வாய் ஆகியவற்றைத் துணியால் அடைத்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கழுவிய எண்ணெயைக் கிணற்றுப் பக்கமோ ஏரிக் கால்வாயிலோ விடக் கூடாது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

துருப் பிடித்த போல்ட் திரும்பாது. அதற்காகக் குழாயை மாட்டி முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடைந்துவிடும். துரு இளக்கும் எண்ணெயை ஊற்ற வேண்டும். சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் மறுபடி முயல வேண்டும். ஓர் இரவு பொறுத்தால் ஒரு போல்ட் பிழைக்கும்.

இறுகிப் போன எஞ்சின்

எஞ்சினுக்குள் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதைச் சுற்றி ரிங்குகள் உண்டு. மழைத் தண்ணீர் புகைக்குழாய் வழியாக உள்ளே போனால் ரிங்குகள் துருப் பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

அப்போது சம்மட்டியால் அடிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, சில நாட்கள் ஊற விட வேண்டும். தினமும் பிளைவீலை இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் அது நகரும்.

நகர்ந்தவுடன் ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே ஊற்றிய எண்ணெய் இன்னும் இருக்கும். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கி, டீசலை அடைத்துவிட்டு, கையால் பல முறை சுற்றி அதை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் தேங்கியிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது. தண்டு வளைந்துவிடும்.

ஒரு வாரம் ஊறியும் நகராவிட்டால் மெக்கானிக்கிடம் போக வேண்டும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். ஹெட்டைத் திறந்தால் அதன் கேஸ்கட்டைப் புதிதாக மாற்றியே ஆக வேண்டும்.

டீசல் போகும் வழி

டாங்கியில் இருக்கும் பழைய டீசல் கெட்டுப் பிசுபிசுப்பாகியிருக்கும். அடியில் தண்ணீரும் துருவும் இருக்கும். எல்லாவற்றையும் வடித்து டாங்கியைக் கழுவ வேண்டும். பில்டரைப் புதிதாக மாற்ற வேண்டும். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

டீசல் குழாயில் காற்று இருந்தால் எஞ்சின் கிளம்பாது. பில்டரின் மேலே ஒரு சிறிய திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் நுரையோடு டீசல் வரும். நுரை நின்று சுத்தமான டீசல் வந்ததும் இறுக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்ஜெக்டரிலிருந்து டீசல் மிக வேகமாகப் பீய்ச்சும். அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையை முன்னால் காட்டவே கூடாது. தோலில் ஊசி குத்தியது போல் ஒரு புள்ளிதான் தெரியும். வலியும் முதலில் குறைவாக இருக்கலாம். ஆனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

எஞ்சினின் மூக்கு

தங்கவயலில் சயனைட் மேடுகளைத் தெரியாதவர் இல்லை. தங்கம் எடுத்த பின் மிஞ்சிய கல்பொடிதான் அந்த மேடுகள். காற்று அடித்தால் அந்தப் பொடி பறக்கும். கல்தூசி மிகக் கடினமானது. சுரங்கத்தில் அந்தத் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்கள் பலருக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது.

எஞ்சினும் மூச்சு விடுகிறது. உழும்போது மண் தூசி எழுகிறது. அது சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அதைத் தடுப்பது ஏர் கிளீனர். பழைய டில்லர்கள் பலவற்றில் அது எண்ணெய்க் கிண்ணம் வைத்தது. காற்று எண்ணெயின் மேல் மோதும்போது தூசி அதில் சிக்கிவிடும்.

கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றை எடுத்து, கழுவி, குறி வரைக்கும் புதிய ஆயில் ஊற்ற வேண்டும். குறியைத் தாண்டி ஊற்றக் கூடாது. அதிகமானால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும்.

மனிதருக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். தூசி பறக்கும் வேலையில் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

ஆயில், தண்ணீர், பெல்ட்

பழைய எஞ்சின் ஆயிலை முழுவதும் வடிக்க வேண்டும். அதைப் பார்த்தாலே பல உண்மை தெரியும். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. இரும்புத் துகள் மினுமினுத்தால் ஏதோ ஒரு பாகம் தேய்கிறது. புது ஆயிலை அளவுக் கம்பியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்கும்படி ஊற்ற வேண்டும். கியர் பெட்டி ஆயிலையும் மாற்ற வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியில் துருவும் சேறும் இருக்கும். பல முறை கழுவ வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பெல்ட்டுகளில் ஒன்று கெட்டிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் புதியதே எல்லாச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் அறுந்துவிடும்.

கத்திகளில் இடது, வலது என்று இரண்டு வகை உண்டு. பல கத்திகளில் எல் அல்லது ஆர் என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். எல் என்றால் இடது. ஆர் என்றால் வலது. மாற்றி மாட்டினால் உழவு கோணலாகும், டில்லரும் குதிக்கும்.

எது நம் வேலை, எது பிறர் வேலை?

கழுவுவது, ஆயில் மாற்றுவது, பில்டர், பெல்ட், கத்தி மாட்டுவது ஆகியவை புதியவருக்கும் வரும். டீசல் பம்ப், இன்ஜெக்டர், சிலிண்டர் கடைவது ஆகியவை அனுபவசாலியின் வேலை. அவற்றுக்குத் தனிக் கருவி வேண்டும். தெரியாததைத் தொடாமல் விடுவதும் ஒரு திறமைதான். தங்கவயலில் பழைய பிட்டர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஒரு முறை பார்க்கச் சொன்னால் பத்து நாள் குழப்பம் தீரும்.

முதல் ஸ்டார்ட்

அந்த நாளில் வீட்டார் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். குழந்தைகளைத் தூரத்தில் நிறுத்த வேண்டும். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையில் கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு உண்டு.

கியர் நடுநிலையில் இருக்க வேண்டும். கத்திகள் இணைப்பில் இருக்கக் கூடாது. வேட்டி நுனி, புடவைத் தலைப்பு, துண்டு எதுவும் தொங்கக் கூடாது.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். எஞ்சின் சில நேரம் திருப்பி உதைக்கும். கட்டை விரல் மறுபக்கம் சுற்றியிருந்தால் முறிந்துவிடும்.

கிளம்பியதும் புகையைப் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் அடங்காமல் வேகம் ஏறினால் உடனே டீசலை அடைக்க வேண்டும். காற்று போகும் வாயையும் பலகையால் மூட வேண்டும். கையால் மூடக் கூடாது.

மேட்டில் ஒரு விதி, பள்ளத்தில் ஒரு விதி

டில்லரைத் திருப்பக் கைப்பிடியில் இரண்டு கிளட்ச் உண்டு. சமதளத்தில் இடது கிளட்ச்சை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும்.

ஆனால் சரிவில் இறங்கும்போது தலைகீழாகும். இடது கிளட்ச்சை அழுத்தினால் இடது சக்கரம் விடுபட்டு வேகமாக உருளும். டில்லர் வலது பக்கம் திரும்பும். இது தெரியாமல் வரப்பிலிருந்து கவிழ்ந்தவர்கள் உண்டு. சரிவில் அந்த கிளட்ச்சைத் தொடாமல், கைப்பிடியைத் தள்ளியே மெதுவாகத் திருப்ப வேண்டும்.

கத்தி சுழலும்போது பின்னால் ஓட்டக் கூடாது. ஓட்டுபவரின் கால் அங்கேதான் இருக்கிறது. கத்தியில் புல் சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும்.

லாபமா, நஷ்டமா?

வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு வரம்பு போட வேண்டும். "இவ்வளவுக்கு மேல் செலவு செய்வதில்லை" என்று நோட்டில் எழுத வேண்டும். பாகம், விலை, தேதி என்று வரி வரியாகக் குறிக்க வேண்டும். கூட்டுத் தொகை வரம்பை நெருங்கினால் நின்று யோசிக்க வேண்டும்.

வேறு வழியும் உண்டு. 2014-15ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று விவசாய இயந்திரங்களுக்கு மானியம் தந்துவருகிறது. கர்நாடகத்தில் வாடகைக்கு இயந்திரம் தரும் மையங்களும் உள்ளன. விவரத்தை ரைத சம்பர்க்க கேந்திரத்தில் கேட்கலாம். மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கணக்கு சரியாக வந்தால், மரத்தடி இரும்பு மறுபடி வயலுக்குப் போகும். முதல் சில நாட்கள் லேசான வேலை கொடுத்து, பிறகு ஆயிலை ஒரு முறை மாற்ற வேண்டும். அந்தத் தேதியையும் நோட்டில் எழுத வேண்டும். நாளை அந்த டில்லர் பிள்ளைகள் கைக்குப் போகும்போது, நோட்டும் கூடவே போகும். கோழிக்கு மட்டும் முட்டையிட வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

யோசித்துப் பாருங்கள்

1. ஸ்பேனருக்கு முன்னால் நோட்டை எடுக்க வேண்டும். ஏன்?
2. ஏர் கிளீனரை எஞ்சினின் மூக்கு என்று ஏன் சொல்கிறோம்?
3. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரல் எங்கே இருக்க வேண்டும்?
4. சரிவில் இடது கிளட்ச்சை அழுத்தினால் டில்லர் எந்தப் பக்கம் திரும்பும்?
5. உங்கள் வீட்டில் உள்ள ஓர் இயந்திரத்தின் தகட்டைப் படித்து, அதிலுள்ள எண்ணை எழுதுங்கள்.